ஆப்பிரிக்க வார்டுகளில் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கை கால் சில்லிட்டு, காய்ச்சலில் துவண்டு, மூச்சு வாங்கியபடி ஒரு குழந்தை வருகிறது. குழந்தை மருத்துவப் புத்தகங்களில் இதற்கு ரொம்ப நாளாக ஒரே பதில்தான் இருந்தது: சலைனை நரம்பு வழியாக மளமளவென்று ஏற்று. ஆப்பிரிக்காவின் பல மருத்துவமனைகளில் அப்படி ஏற்றும் வழக்கம் இல்லை. ஏற்றினால் எத்தனை உயிர் கூடுதலாகப் பிழைக்கும் என்று பார்த்துவிடலாம் என்றுதான் கேத்ரின் மெய்ட்லண்ட் தலைமையிலான குழு கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில் ஃபீஸ்ட் ஆய்வைத் தொடங்கியது. 2011இல் முடிவு வந்தது. வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம். அப்படி ஏற்றாமல் மெதுவான சொட்டு மட்டும் கொடுத்தவர்களில் 7.3 சதவீதம். நன்மை எவ்வளவு என்று அளக்கப் போனவர்கள், திட்டமிட்ட 3,600ஐ எட்டும் முன்பே 3,141 குழந்தைகளோடு ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வளம் குறைந்த ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் ஆய்வு செய்பவர்களும் சரி, அந்த ஆய்வுகளைப் படித்துவிட்டுப் பேசுபவர்களும் சரி, செய்கிற தவறுகளில் முக்கால்வாசி ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. லண்டன் மருத்துவமனை ஒன்றிலிருந்து நாலு கருவியையும் பத்து டாக்டரையும் கழித்தால் கிடைப்பதுதான் அந்த வார்டு என்று நினைப்பதுதான் அந்த வேர். அப்படியானால் கழித்ததைத் திரும்பக் கூட்டினால் கணக்கு சரியாகிவிட வேண்டும், ஆனால் ஆகவில்லை. அங்கே வருகிற நோயாளி வேறு, வந்து சேரும் நேரம் வேறு, உடம்பில் ஏற்கனவே இருக்கும் ரத்தசோகையும் மலேரியாவும் வேறு, ராத்திரி பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் உண்டா என்பதும் வேறு.

ஃபீஸ்டில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு விவரம் உண்டு. முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, வேகமாகத் திரவம் ஏறிய குழந்தைகள்தான் நன்றாக இருந்தார்கள். அதிர்ச்சி நிலையிலிருந்து, அதாவது ரத்த ஓட்டம் சரிந்த நிலையிலிருந்து, மீண்டவர்கள் அவர்களில் 43 சதவீதம், மற்றவர்களில் 32 சதவீதம். கை சூடேறுகிறது, நாடி பிடிபடுகிறது, அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெம்பு வருகிறது, டாக்டர் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். அந்த ஒரு மணி நேரத்தோடு கணக்கை மூடியிருந்தால் 'ஏற்றுங்கள்' என்ற சிபாரிசோடு கட்டுரை வெளிவந்திருக்கும். பணமும் ஆளும் குறைவாக இருக்கும் இடத்தில் சுலபமாக அளக்கக்கூடியதை அளந்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும், ரத்த அழுத்தம் ஏறியதா, காய்ச்சல் இறங்கியதா என்று. நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்பதை அளக்காத வரை அந்த எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

உயிரோடு இருக்கிறாரா என்பதைக்கூட டிஸ்சார்ஜ் சீட்டோடு நிறுத்தக்கூடாது. செயின் என்ற கூட்டமைப்பு ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலுமாக ஆறு நாடுகளில் 3,101 சிறு குழந்தைகளை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதிலிருந்து, டிஸ்சார்ஜ் ஆகி ஆறு மாதம் வரை பின்தொடர்ந்தது. இறந்தவர்கள் 350 பேர், அதில் கிட்டத்தட்ட பாதி, 48 சதவீதம், டிஸ்சார்ஜ் ஆன பிறகு. வார்டு இறப்பு விகிதத்தை மட்டும் எண்ணியிருந்தால் இந்தக் குழந்தைகள் எல்லோரும் 'குணமானவர்கள்' கணக்கில் போயிருப்பார்கள். செலவு கட்டுப்படியாகாமல், வீட்டில் மற்ற பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல், டாக்டர் சொல்லும் முன்பே கிளம்பிப் போகிறவர்களும் உண்டு. அவர்களை 'தொடர்பு அறுந்தவர்கள்' என்று ஒரு வரியில் எழுதிக் கணக்கிலிருந்து தூக்கிவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது, அதோடு இறப்பு விகிதமும் அழகாகக் குறைந்துவிடுகிறது.

ஃபீஸ்டை இரண்டு பக்கமும் தப்பாகப் படித்தார்கள். ஒரு பக்கம், 'ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குத் திரவமே கொடுக்கக்கூடாது' என்றார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. பேதியாகி நீர் வற்றிய குழந்தைகளும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்களும் தீக்காயக்காரர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. ஒரு ஆய்வைப் படிக்கும்போது யாரைச் சேர்த்தார்கள் என்பதை விட யாரை விட்டார்கள் என்பதை முதலில் பாருங்கள். இன்னொரு பக்கம், 'அங்கே எல்லாம் மலேரியா, அதனால்தான் இப்படி' என்று கையை உதறினார்கள். மலேரியா இருந்தவர்கள், இல்லாதவர்கள் இருவரிடமும் முடிவு ஒரே திசையில்தான் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அவசர சிகிச்சைக்கான தன் வழிகாட்டுதலை இதற்கேற்ப மாற்ற 2016 ஆனது. ஐந்து வருடம்!

பெரியவர்களில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஜாம்பியாவின் லுசாகாவில் பதில் கிடைத்தது. அங்குள்ள பல்கலைக்கழக போதனா மருத்துவமனையில் ரத்தத்தில் கிருமி பரவி ரத்த அழுத்தம் சரிந்தவர்களுக்கு, பணக்கார நாட்டு முறைப்படி முதல் ஆறு மணி நேரத்தில் கூடுதல் திரவமும், தேவைப்பட்டால் அழுத்தத்தை ஏற்றும் மருந்தும், ரத்தமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சையில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 33 சதவீதம், கூடுதல் சிகிச்சையில் 48 சதவீதம். சுமார் 200 பேரிடம் நடந்த ஆய்வு, பத்தில் ஒன்பது பேருக்கு எச்ஐவி இருந்தது. ஆக, எல்லோருக்கும் பொருந்தும் விதியாக இதைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஆனால் இந்த வார்டில் வெண்டிலேட்டர் இல்லை, நுரையீரலில் நீர் கோத்தால் கைகொடுக்க எதுவும் இல்லை என்பதைக் கணக்கில் எடுக்காமல் அமெரிக்க நெறிமுறையை அப்படியே இறக்குவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல இது போதும்.

அடுத்தது கருவி. மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு சிபாப் என்று ஒரு முறை உண்டு. மூக்கில் குழாய், அதன் மறுமுனை தண்ணீர் பாட்டிலில், குமிழி வரும் அழுத்தத்தில் நுரையீரல் சுருங்காமல் நிற்கும். விலை மலிவு, மின்சாரமும் அதிகம் தேவையில்லை, பார்த்தாலே 'ஏழை நாட்டுக்கென்றே செய்தது' என்று தோன்றும். வங்காளதேசத்தில் டாக்காவில் நடந்த ஆய்வில் பலனும் கிடைத்தது. அதே உத்தியை மலாவியில் சலீமா மாவட்ட மருத்துவமனையில், எச்ஐவி, கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு, ஆக்ஸிஜன் குறைவு என்று ஏதோ ஒன்று சேர்ந்த கடும் நிமோனியாக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். சாதாரண ஆக்ஸிஜன் பெற்றவர்களில் 11 சதவீதம் இறந்தார்கள், சிபாப் பெற்றவர்களில் 17 சதவீதம்.

கருவியின் தத்துவம் ஒன்றுதான். ஆனால் சலீமாவில் தினமும் டாக்டர் வந்து பார்க்கும் ஏற்பாடு இல்லை, மலாவி மாவட்ட மருத்துவமனைகளில் பெரும்பாலான சிகிச்சை கிளினிக்கல் ஆபீசர்கள் (டாக்டர் பட்டம் இல்லாமல், சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவர்கள்) கையிலும் நர்சுகள் கையிலும்தான். குழாய் நழுவுகிறதா, வயிறு உப்புகிறதா, குழந்தை வாந்தி எடுத்து மூச்சுக்குள் போகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்காவில் அதற்கு டாக்டர்கள் இருந்தார்கள். 'எந்தக் கருவி' என்று மட்டும் எழுதிவிட்டு 'யார், எத்தனை பேர், எத்தனை மணிக்கு ஒருமுறை பார்த்தார்கள்' என்பதை எழுதாத ஆய்வறிக்கையை இன்னொரு மருத்துவமனை எப்படி நம்பிப் பின்பற்றும்? ஆய்வுக்காகச் சம்பளம் கொடுத்துக் கூடுதல் நர்சுகளை வைத்துவிட்டு, ஆய்வு முடிந்ததும் அவர்களை அனுப்பிவிட்டு, கிடைத்த பலனைக் கருவியின் கணக்கில் எழுதுவதும் இதே வகைத் தவறுதான்.

ஆள் பற்றாக்குறையை அட்டையும் பட்டியலும் நிரப்பிவிடாது என்பதற்கு இன்னொரு சாட்சி. 25 ஆப்பிரிக்க நாடுகளில் 247 மருத்துவமனைகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறப்பவர்கள் உலக சராசரியைப் போல இரண்டு மடங்கு என்றது, இத்தனைக்கும் நோயாளிகள் இளம் வயதுக்காரர்கள். சரி, அப்படியானால் ஆபத்தில் இருப்பவரை நர்ஸ் மேஜைக்கு எதிரிலுள்ள கட்டிலில் படுக்க வைப்போம், அடிக்கடி பார்ப்போம், சொந்தக்காரரைக் கூட இருக்க விடுவோம், தலைமாட்டில் வழிகாட்டி அட்டை வைப்போம் என்று அடுத்த ஆய்வு. நல்ல யோசனைதான், செலவும் இல்லை. இறப்பு குறையவில்லை. கட்டிலை நகர்த்தலாம், ஆனால் மேஜையில் உட்கார நர்ஸ் வேண்டுமே.

நோயின் பெயரை அப்படியே நம்புவதும் ஒரு தவறு. மலாவியின் பிளாண்டயரில், மூளை மலேரியா என்று எல்லா இலக்கணமும் பொருந்தி இறந்துபோன 31 குழந்தைகளைப் பிரேதப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். ஏழு பேர் வேறு காரணத்தால் இறந்திருந்தார்கள். ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது உண்மை, ஆனால் அந்த ஊரில் ஓடி விளையாடும் குழந்தையின் ரத்தத்திலும் அது இருக்கலாம். கண்ணின் விழித்திரையைப் பார்த்தால் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிட முடிகிறது என்பதும் அந்த 2004 கட்டுரையில்தான் வந்தது. கேஸ் ஷீட்டில் 'மலேரியா' என்று எழுதியிருக்கும் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு மருந்தைச் சோதித்தால், வேலை செய்யும் மருந்தும் வேலை செய்யாததுபோலத் தெரியலாம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் இதே கதைதான். கருத்த தோலில் அது ஆக்ஸிஜன் அளவை உள்ளதை விடக் கூட்டிக் காட்டிவிடும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்க நோயாளிகளிடம் பார்த்து 2020இல் எழுதினார்கள். ஆப்பிரிக்க வார்டில் ஆக்ஸிஜனை யாருக்குக் கொடுப்பது என்று அந்த எண்ணை வைத்துத்தானே முடிவெடுக்கிறார்கள்?

இனி பதிவேடு. அட்டை கிழிந்த பெரிய நோட்டு, ஸ்கேலால் கோடு போட்ட கட்டங்கள், மூன்று நிற மை. வயது கட்டத்தில் 2, 5, 10 என்று உருண்டை எண்கள் குவிந்திருக்கும். வெப்பநிலை கட்டம் பாதி காலி, இருப்பதில் நிறைய 37. இதை எக்செலில் ஏற்றி, காலியானவற்றைத் தூக்கிவிட்டு மிச்சத்தை ஆராய்ந்தேன் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். காலிக் கட்டம் சும்மா காலியாகவில்லை. சேர்த்த அரை மணி நேரத்தில் இறந்துபோன குழந்தைக்கு வெப்பநிலை எழுத யாருக்கு நேரம் இருந்திருக்கும்? மோசமான நிலையில் வந்தவர்களின் தாள்தான் அதிகம் காலியாக இருக்கும். அவர்களைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது பிழைத்தவர்களின் கதை. கென்யாவில் 2013 முதல் மாவட்ட அளவிலான பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் வலையமைப்பு இதற்கு ஒரு வழி செய்தது. குழந்தைகள் வார்டுக்கு ஒரே மாதிரியான சேர்க்கைப் படிவம், அதைக் கணினியில் ஏற்ற தனி ஆள், என்ன விடுபட்டது என்று அந்த மருத்துவமனைக்கே திரும்பச் சொல்லும் அறிக்கை. பெரிய விஞ்ஞானம் இல்லை, ஆனால் பதிவை எழுதும் டாக்டருக்கே அதனால் பயன் என்றால்தான் கட்டங்கள் நிரம்பும்.

சம்மதம் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1996இல் நைஜீரியாவின் கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் தன் புதிய மருந்தை 200 குழந்தைகளிடம் சோதித்தது. பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு ஏற்கனவே உள்ள மருந்து. 11 பேர் இறந்தார்கள். இறப்புக்கு நோய்தான் காரணம், தவறு ஏதும் செய்யவில்லை என்றது நிறுவனம். 2009இல் கானோ மாநிலத்தோடு 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. எனக்கு இதில் உறுத்துவது அந்த வளாகத்தின் காட்சி. அதே மருத்துவமனையில் இன்னொரு அமைப்பு இலவசமாக வழக்கமான மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. சாகக் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் தாய்க்கு எது சிகிச்சை வரிசை, எது ஆய்வு வரிசை என்று எப்படித் தெரியும்? படிவத்தில் கைநாட்டு வாங்குவதைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். ஃபீஸ்ட் குழு அவசரத்தில் வந்தவர்களிடம் முதலில் சுருக்கமாக வாய்மொழியாகக் கேட்டு, குழந்தை நிலைப்பட்ட பிறகு உட்கார வைத்து விளக்கி முழுச் சம்மதம் வாங்கியது. அதிலும் குறை சொல்பவர்கள் உண்டு, ஆனாலும் அந்தத் தாயின் நிலையை யோசித்துச் செய்த ஏற்பாடு.

வெளியிலிருந்து பாராசூட்டில் குதித்து, ரத்த மாதிரியையும் தரவையும் மூட்டை கட்டிக்கொண்டு போய், உள்ளூர் டாக்டரின் பெயரைப் பட்டியலின் நடுவில் எங்கேயோ செருகுவது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். அது மரியாதைப் பிரச்சினை மட்டும் இல்லை, கேள்வியே தப்பாகிவிடும். வார்டில் எது உயிரை வாங்குகிறது என்பது ராத்திரி டியூட்டி பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

கேள்வி சரியாக அமைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஈ-மோட்டிவ் என்ற ஆய்வு உதாரணம். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வதுதான் எங்கும் வழக்கம், அது பெரும்பாலும் குறைவாகவே சொல்லும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், பாதி இடங்களில் தாயின் கீழே கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பை மாதிரி தொங்கவிட்டார்கள். ரத்தம் கோட்டைத் தொட்டால் எல்லா வைத்தியமும் ஒன்றாகத் தொடங்கும்: கருப்பையைத் தேய்ப்பது, அதைச் சுருங்க வைக்கும் மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், திரவம், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை. வழக்கமான கவனிப்பு தொடர்ந்த மற்ற இடங்களில் பாதியளவே கண்டுபிடிக்கப்பட்ட ரத்தப்போக்கு, இங்கே 93 சதவீதம் கண்டுபிடிக்கப்பட்டது. கடும் ரத்தப்போக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகள் அங்கே 4.3 சதவீதம், இங்கே 1.6. விரிப்பை மட்டும் ஆயிரக்கணக்கில் வாங்கி அனுப்பிவிடலாம் என்று யாராவது கிளம்பினால், மேலே சலீமா பத்தியை இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள்.