கிணற்றுத் தண்ணீர் ரிப்போர்ட்டை வாசிக்கப் பழகுவோம்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக் கிணறு எப்படி என்று கேட்டால், ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு "நல்ல தண்ணி" என்பார்கள். நாக்குக்குப் பிடிபடுவது பெரும்பாலும் உவர்தான். மற்றதற்கு ரிப்போர்ட் வேண்டும்.

படி 1: போத்தல்

கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் போத்தலைக் கழுவவே கூடாது. இரசாயனச் சோதனைப் போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசி நிரப்புங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

படி 2: பி.எச், மின்கடத்துதிறன், வன்மை

பி.எச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருந்தால் சரி. மின்கடத்துதிறன் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும். எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. மோட்டரைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே வரும், இந்த எண்ணும் ஏறும். வன்மை என்பது கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் சவர்க்காரம் நுரைக்கப் பஞ்சிப்படும். இதற்காக நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

படி 3: நைத்திரேற்று

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நைத்திரேற்று என்பது நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரு பொருள். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். முதல்முறை எங்கள் ரிப்போர்ட்டில் 12 என்று இருந்தது; சந்தோஷப்பட்டு மடித்து வைத்துவிட்டேன். பிறகுதான் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தேன்: "நைத்திரேற்று நைதரசன்". அதாவது அதிலுள்ள நைதரசனை மட்டும் நிறுத்துச் சொன்ன கணக்கு. அப்படியிருந்தால் 4.43ஆல் பெருக்க வேண்டும். 12 என்பது 53 ஆகிவிட்டது! எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள் என்பது எனக்கு அன்றைக்கு ஏறியது.

வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரம், மலசலகூடக் குழி, மாட்டுக்கொட்டில் எல்லாம் இதற்குக் காரணம். மேலே மெல்லிய மண், கீழே வெடிப்பு விழுந்த கல், வடிகட்ட ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால், இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைப்பதும் உதவாது. தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே நிற்கும், செறிவு கூடும். எதிர்ச்சவ்வூடுபரவல், அதாவது ஆர்.ஓ வடிகட்டி, இதைக் குறைக்கும்.

படி 4: ஈ கோலை

ஈ கோலை குடலிலும் மலத்திலும் இருக்கும் கிருமி. 100 மில்லிலீற்றரில் 0 இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் மலம் எங்கிருந்தோ கிணற்றுக்குள் சேர்கிறது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். இதற்கு அது உதவும். கிணற்றுக்குக் குளோரின் தூள் போட, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அளவைக் கேளுங்கள். கலங்கல் இருந்தால் முதலில் இறைத்துத் தெளிய விடுங்கள். இல்லாவிட்டால் குளோரினை அழுக்கே தின்றுவிடும். கிருமியைக் கொன்ற பிறகும் தண்ணீரில் நிற்பதுதான் ரிப்போர்ட் சொல்லும் "மீதிக் குளோரின்".

மாரியில் ஒருக்கா, கோடையில் ஒருக்கா சோதியுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கிணறுதானா என்று சந்தேகம் வரும்.