அமைப்பிடம் சொன்னால் அது முறைப்பாடு ஆகாது

இலங்கையின் வடக்கே வன்னியில் மனித உரிமை அமைப்புகளை நாடுவோர் பலர், அமைப்பின் கொப்பியில் விவரம் பதிந்ததோடு முறைப்பாடு முடிந்தது என்று வீடு திரும்புகிறார்கள். அந்தப் பதிவுக்குச் சட்ட வலு கிடையாது. பொலிஸோ படையினரோ அரச அலுவலகமோ அடிப்படை உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நீதிமன்றம் இருப்பதோ கொழும்பில். சட்டத்தரணியைத் தேடி முடியவே மாதம் போய்விடும்.

அதற்குத்தான் சட்டப்படி அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகம் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் மனுவுக்கான மாதக் கணக்கில் சேராது (1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு). கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடந்ததா என்று நீதிமன்றம் சான்று கேட்டிருக்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரணைக்கு அழைத்த கடிதத்தையும் தொலைக்கவே கூடாது.

நுண்கடன் கம்பனியின் தொல்லைக்கு இந்த வழி சரிவராது; இது அரசின் செயலுக்கு எதிரானது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது பிடித்தவர்களின் கடமை. அறிவித்திருப்பார்கள் என்று நம்பி இருக்காமல், குடும்பமே அன்றைக்கே ஆணைக்குழுவை அழைத்துக் கேட்க வேண்டும்.

முறைப்பாட்டுக் கடிதத்தில் திகதி, நேரம், இடம், வாகன இலக்கம், கண்டவர்கள் யார் என்பதை எழுதுங்கள். இரண்டு பேர் வந்ததை இருபது பேர் என்று எழுதினால் மிச்ச உண்மையும் அடிபட்டுப் போகும்.

மூலப் பத்திரத்தை எவரிடமும் கொடுக்காதீர்கள், பிரதி மட்டும் போதும். போரின் கடைசிக் கட்டத்தில், 2008 செப்டெம்பரில் ஐ.நா. உட்பட அநேக சர்வதேச நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டுப் போன பிறகு நடந்தவற்றுக்கு, சனத்தின் கையில் இருக்கும் துண்டுக் காகிதமும் படமும்தான் பல இடங்களில் சாட்சி.

வெளிநாட்டுக் காசு, பக்கச்சார்பு என்று அமைப்புகள்மேல் சொல்லப்படும் குறைகளை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். காசு யார் தருகிறார்கள், என் வாக்குமூலம் யாரிடம் போகும், என் பெயர் வெளியே வருமா என்று நேரே கேளுங்கள். அரச படைகள் செய்ததையும் புலிகள் செய்ததையும் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு போர்க்காலத்திலேயே இரண்டையும் எழுதியது.

அரசு அமைத்த காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்தை, 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தம் பிள்ளைகளைத் தேடி இருந்து போராடிய தாய்மார் ஏற்கவில்லை. அங்கே போகும்படி அவர்களை நெருக்குவது அமைப்பின் வேலை அல்ல. போய்ப் பதிந்த இன்னொரு தாயைத் துரோகி என்பதும் பெரும் பிழை.