ஸ்னோ செயின் வாங்கி டிக்கியில் போட்டுவிட்டால் போதுமா?

ராயபுரம், வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து டிசம்பர் லீவுக்குச் சொந்தக் காரிலேயே மணாலி வரை ஓட்டிப் போகிறவர்கள் இப்போது உண்டு (இமாச்சல் மணாலிதான், எண்ணூர் பக்கத்து மணலியைச் சொல்லவில்லை). அங்கே பனி விழுந்துவிட்டால் 4x4 வண்டி (நாலு சக்கரத்தையும் இன்ஜின் சுற்றும் வண்டி) அல்லது டயரில் சங்கிலி மாட்டிய வண்டி மட்டும்தான் மேலே போகலாம் என்று போலீஸ் நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் பலர் சங்கிலியைப் பையிலிருந்து முதல்முறையாக வெளியே எடுக்கிறார்கள், பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

முதலில் ஒரு விபரீத யோசனையைச் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் கிடைக்கும் தடித்த நைலான் கயிற்றையோ, பாரிமுனை ஹார்டுவேர் கடைச் சங்கிலியையோ டயரில் சுற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கயிறு சீக்கிரம் அறுந்து சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். சாதாரணச் சங்கிலி கழன்று அடித்தால் பிரேக் ஆயில் போகும் ஹோஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் ஒயர் எல்லாம் போய்விடும்.

அளவு விஷயத்தில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். டயரின் பக்கவாட்டில் 185/65 R15 என்கிற மாதிரி எழுதியிருக்கும், அதே அளவு செயின் பெட்டியிலும் இருக்க வேண்டும். அழகுக்காகப் பெரிய அலாய் வீல் போட்டவர்கள் டயருக்கும் உள்பக்க சஸ்பென்ஷனுக்கும் நடுவே கைவிட்டுப் பாருங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் 12 மி.மீ. தடிமன் செயின் உரசும், 9 அல்லது 7 மி.மீ. ரகம் தேவைப்படும். சில வீல் அளவுக்கு செயின் மாட்டவே கூடாது என்று காரோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள்.

எந்தச் சக்கரத்தில் மாட்டுவது? இன்ஜின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ அதில். ஸ்விஃப்ட், ஐ20 எல்லாம் முன்சக்கரம். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா பின்சக்கரம். 4x4 என்றால் புத்தகம் சொல்கிறபடி. ஆனால் முன்னால் மட்டும் மாட்டியிருந்தால் ஒரு ஆபத்து உண்டு, இதை யாரும் சொல்வதில்லை: இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தரையைப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து வண்டியையே குறுக்கே திருப்பிவிடும். அதனால் இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்குங்கள், பிரேக்கை மெதுவாகத் தொடுங்கள். முடிந்தால் நாலு சக்கரத்துக்கும் செயின் போடுவது நல்லது.

மாட்டுவதை ஊரிலேயே பழகுங்கள். தண்டையார்பேட்டை வெயிலில் பனியனோடு உட்கார்ந்து ஸ்னோ செயின் மாட்டினால் தெருவே கூடி வேடிக்கை பார்க்கும், பார்க்கட்டும். கூடவே தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு பழகுங்கள், ஏனென்றால் அங்கே வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்து, கொக்கி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. செயினின் உள்பக்க வளையத்தை டயருக்குப் பின்னால் தள்ளி, அதன் இரண்டு முனையையும் மேலே இணைத்து, அப்புறம் முன்பக்கக் கொக்கியை மாட்டி இழுக்க வேண்டும். கொக்கியின் திறந்த பக்கம் வெளியே பார்த்திருக்கட்டும், உள்ளே பார்த்தால் டயரைக் குத்தும். சங்கிலி எங்காவது முறுக்கியிருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். சுலபமாக மாட்டலாம் என்று டயரில் காற்றைக் குறைக்க வேண்டாம்.

மாட்டி முடித்ததும் கிளம்பிப் போய்விடுவதும் பெரிய தவறு. எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் டிரைவர்கள் கொஞ்ச தூரம் போனதும் இறங்கி லோடு கட்டிய சங்கிலியைத் தட்டிப் பார்ப்பார்களே, அதே வேலைதான். 50, 100 மீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி இறுக்குங்கள்.

ஏற்றத்தில் சிக்கி, பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது மாட்டலாம் என்று இருக்காதீர்கள். பனி தொடங்குவதற்கு முன்பே சமதளமாக, ஓரமாக ஒரு இடம் பார்த்து நிறுத்துங்கள்.

செயினோடு மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போகவே கூடாது, அதற்கும் குறைவாகச் செயின் பெட்டியில் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. பனி இல்லாத தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள். மணாலியைத் தாண்டி வரும் 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கச் சாலைக்குள் பனி ஏது? உள்ளே நிறுத்திக் கழற்றவும் முடியாது, நுழைவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். துணி உறை மாதிரி வரும் ஸ்னோ சாக்ஸ் மாட்டச் சுலபம், ஆனால் வெறும் சாலையில் இன்னும் சீக்கிரம் கிழிந்துவிடும்.

சக்கரம் ஒரே இடத்தில் சுற்றினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். அடியில் பனி தேய்ந்து ஐஸாகிவிடும், செயினும் அறும். டயருக்கு முன்னால் மணலோ சரளையோ போட்டு மெதுவாக எடுங்கள். சிலர் வெந்நீர் ஊற்றுவார்கள், அது உறைந்து இன்னும் வழுக்கும்.

ஊர் திரும்பியதும் செயினை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவிக் கட்டி வையுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் நம் கடற்காற்றுக்கு அடுத்த வருஷம் துருதான் மிஞ்சும்.