இடித்த ரப்பிஷைக் கொட்டப் போகுமுன்

வீட்டில் இடித்த ரப்பிஷை, அதாவது கட்டடக் கழிவை, வண்டியில் அனுப்பும்போது ரசீது வாங்குவது, மேலே தார்ப்பாய் போடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விடுவோம். சென்னையில் இதை அரைத்து ஜல்லியும் மணலுமாக்கும் ஆலைகள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. இருந்தும் பல லோடு அரைக்க லாயக்கில்லாமல் போகிறது. முக்கியக் காரணம் ஒன்றுதான்.

எல்லாம் ஒரே குவியல்

பாத்ரூம் டைல்ஸ் பெயர்க்கும் அன்று காலை குவியல் சுத்தமாகத்தான் இருக்கும். பதினோரு மணிக்கு அதன்மேல் டீ கப், மதியம் சாப்பாட்டுப் பொட்டலம், சாயங்காலம் ஃபால்ஸ் சீலிங் போர்டு, தெர்மாகோல், வயர். மறுநாள் மண்வெட்டியால் அள்ளும்போது எல்லாம் ஒன்றாகிவிடும். அதற்குமேல் எந்தச் சித்தாளாலும் பிரிக்க முடியாது.

இதில் மோசமானது அந்த போர்டுதான். அது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அரைத்த ஜல்லியில் கலந்தால், அந்த ஜல்லி போட்ட கான்கிரீட் பின்னாளில் உப்பி விரிசல் விடும். மரத்துண்டும் பிளாஸ்டிக்கும் ஜல்லியின் தரத்தைக் கெடுக்கும். பழைய கம்பியைப் பிரித்து வைத்தாலோ, காயலான் கடைக்காரரே வந்து காசு கொடுத்து எடுத்துப் போவார்.

இடிக்கத் தொடங்குமுன்பே இடத்தைப் பிரியுங்கள். 2016-இல் வந்த விதிகள் பெரிய கட்டுமானங்களுக்குச் சொன்ன பிரிவினை வீட்டுக்கும் பொருந்தும்: கான்கிரீட், மண், இரும்பு, மரம், பிளாஸ்டிக், செங்கல், சாந்து. ஜிப்சம் போர்டுக்குத் தனிச் சாக்கு. சாப்பாட்டுக் குப்பைக்கு வாசலில் ஒரு பக்கெட். மேஸ்திரியிடம் இதை முதல் நாளே சொல்லாவிட்டால் நடக்காது.

எடையைக் கண்ணால் அளப்பது

ஐந்துக்கு ஏழடி பாத்ரூமில் தரை, சுவர் டைல்ஸைச் சாந்தோடு பெயர்த்தால் ஒரு டன்னைத் தாண்டும். குட்டி யானை தாங்குவது ஏறக்குறைய முக்கால் டன். தொட்டி நிறைய ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிடும். பாதிக்கு மேல் வேண்டாம், இரண்டு நடை அடியுங்கள். சிமெண்ட் மூட்டையையும் பாதிதான் நிரப்ப வேண்டும். நிறைத்தால் நாற்பது கிலோவுக்கு மேல் போய், மாடிப்படியில் தையல் பிரியும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்

உடைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கி, பாலித்தீனில் சுற்றித் தனியே வையுங்கள். இதை ரப்பிஷில் சேர்க்கவே கூடாது.

மெத்தை, சோபா

ரப்பிஷ் லோடில் வேண்டாம். சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

“பள்ளம் இருக்கு, நான் பாத்துக்கறேன்”

வண்டிக்காரர் இப்படிச் சொன்னால் நம்பி அனுப்பாதீர்கள். அந்தப் பள்ளம் பல நேரம் ஏரிக்கரையாக இருக்கும்.