யார், எதற்கு, எவ்வளவுக்குச் சரி சொன்னார்? ஆன்லைன் அப்ரூவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார், பம்ப், வார்ப்பட வேலை செய்யும் சிறு கம்பெனிகளுக்குப் பர்ச்சேஸ் இன்டென்ட்டை, அதாவது இன்ன பொருள் வாங்க வேண்டும் என்று கேட்கும் கோரிக்கைச் சீட்டை, ஆன்லைன் படிவமாக மாற்றிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஸ்டோர்ஸில் இருப்பவர் ஃபோனிலேயே கூகுள் ஃபார்மை நிரப்புவார். விவரம் கூகுள் ஷீட்டில் போய் விழும். ஷீட்டோடு இணைத்து நாம் எழுதி வைக்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் மேனேஜருக்கு மெயில் அனுப்பும். அவர் சரி சொன்னால் பர்ச்சேஸுக்குத் தகவல் போகும். மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் இடங்களில் இதையே ஃபார்ம்ஸிலும், வேலைகளைத் தானாக ஓட்டும் பவர் ஆட்டோமேட்டிலும் செய்வோம். ஒரே மதியத்தில் கட்டி முடித்துவிடலாம். ஓட்டை எங்கே என்பது ஆறு மாதம் கழித்து, ஆடிட்டர் ஒரு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு "இதுக்கு யார் அப்ரூவல் கொடுத்தது?" என்று கேட்கும்போதுதான் தெரியவரும்.

ஒப்புதல் என்றால் இன்னார், இன்ன தேதியில், இன்ன பொருளை, இன்ன விலைக்கு வாங்கச் சரி என்றார் என்பதற்கான சாட்சி. காகித இன்டென்ட்டில் கையெழுத்து விழுந்ததும் அந்தச் சாட்சி அசையாமல் நின்றது. படிவத்துக்கு மாறும்போது பலரும் தொலைப்பது அதைத்தான்.

நான் செய்த தவறையே முதலில் சொல்கிறேன். ஒரு கம்பெனிக்குப் போட்ட படிவத்தில், அனுப்பிய பிறகும் பதிலைத் திருத்தலாம் என்ற வசதியைத் திறந்து வைத்திருந்தேன். எழுத்துப்பிழை இருந்தால் அவர்களே சரிசெய்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். 6205 பேரிங் 20 வேண்டும் என்று ஒரு இன்டென்ட் வந்தது. மேனேஜர் ஒப்புதல் கொடுத்தார். ஷீட்டில் அந்த வரியின் ஓரத்தில் 'அப்ரூவ்டு' என்று பதிவானது. மறுநாள் புரொடக்‌ஷனில் கூடுதலாகக் கேட்டார்கள் என்று ஸ்டோர்ஸ்காரர் அதே படிவத்தைத் திறந்து 20ஐ 200 ஆக்கிவிட்டார். கூகுள் ஃபார்மில் பதிலைத் திருத்தினால் ஷீட்டில் புது வரி வராது. பழைய வரியிலேயே புது எண் ஏறிவிடும். ஓரத்தில் இருந்த 'அப்ரூவ்டு' அப்படியே நின்றது. திருத்தியதும் ஸ்கிரிப்ட் மறுபடி ஓடி இன்னொரு மெயிலும் போயிருக்கிறது. ஒரே மெயில் இரண்டு தடவை வந்துவிட்டது என்று மேனேஜர் அதைக் கவனிக்காமல் விட்டார். 200 பேரிங்குக்கு அவர் சரி சொன்னதாக ஷீட் காட்டியது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. ஸ்டோர்ஸ்காரர் மேலும் குற்றமில்லை, திருத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்தவன் நான்.

இப்போதெல்லாம் படிவம் வந்தவுடனே அதன் விவரங்களை இன்னொரு தாளில் நகலெடுத்து, யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டி, ஓர் இன்டென்ட் எண் கொடுத்துவிடுகிறேன். ஒப்புதல் அந்த நகலுக்குத்தான். அளவோ விலையோ மாறினால் பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புது இன்டென்ட் போட வேண்டும்.

அந்த எண்ணை ஸ்கிரிப்டே உருவாக்க வேண்டும். ஷீட்டின் வரிசை எண்ணை வைத்து ஓட்டுவது எளிதாகத் தெரியும், ஆனால் யாராவது ஒருவர் தேதிவாரியாக ஷீட்டை வரிசை மாற்றினால் 15ஆம் வரிக்குக் கிடைத்த ஒப்புதல் வேறு பொருளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசி வரியை எடு என்று எழுதினாலும் இதே கதைதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஒருவருடைய இன்டென்ட் விட்டுப்போய், மற்றவருடையது இரண்டு முறை போகும்.

அப்புறம் தொகை. ரூ.10,000 வரை மேனேஜர், அதற்கு மேல் எம்.டி. என்று வரம்பு வைத்திருப்பார்கள். படிவத்தில் தொகைக் கட்டத்தைச் சாதாரண எழுத்துக் கட்டமாக விட்டால் ஒருவர் 25000 என்று போடுவார், இன்னொருவர் '25,000' என்று காற்புள்ளியோடு போடுவார், மற்றொருவர் '25 ஆயிரம்' என்று எழுதுவார். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்டில் ஓடுவது. '25,000' என்பதை எண்ணாக மாற்றச் சொன்னால் 'இது எண்ணே இல்லை' என்ற மதிப்பைத்தான் அது தரும். அந்த மதிப்பு 10,000ஐ விடப் பெரிதா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும். விளைவு, எம்.டி.க்குப் போக வேண்டிய இன்டென்ட் சத்தமில்லாமல் மேனேஜரிடம் போய்விடும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. தொகைக் கட்டத்தில் எண் மட்டுமே ஏற்கும்படி சரிபார்ப்பு வையுங்கள். ஸ்கிரிப்டுக்குத் தொகை புரியாவிட்டால் மேல் அதிகாரிக்குப் போகட்டும். கீழே போகவே கூடாது. ரூ.19,000 வேலையை ரூ.9,500 வீதம் இரண்டு இன்டென்ட்டாகப் பிரித்துப் போடுவதும் நடக்கும். ஒரே சப்ளையருக்குக் கடந்த 7 நாளில் எவ்வளவு போயிருக்கிறது என்று கூட்டிப் பார்க்கச் சொல்லி ஸ்கிரிப்டில் நான்கு வரி சேர்த்தால் அதுவும் தெரிந்துவிடும்.

மெயிலில் இருக்கும் இணைப்பைத் தொட்டவுடனே ஒப்புதல் பதிவாகும்படி வைக்காதீர்கள். இதைப் பல இடங்களில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் பதறுகிறேன். மெயில் பாதுகாப்பு மென்பொருள்களில் சில, வந்த இணைப்பு ஆபத்தானதா என்று தாமே திறந்து பார்க்கும். மேனேஜர் மெயிலைப் பார்ப்பதற்கு முன்பே ஒப்புதல் பதிவாகிவிடலாம். இணைப்பு ஒரு பக்கத்தை மட்டும் திறக்கட்டும். பொருள், விலை, சப்ளையர் எல்லாம் அங்கே தெரியட்டும். அதற்குக் கீழே உள்ள பட்டனை அழுத்தினால்தான் பதிவாக வேண்டும். அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று வெளியிட்டாலும் தவறு. மெயிலை மேனேஜர் வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்தால் அவரும் அழுத்தலாம், அழுத்தியது யார் என்பதும் தெரியாது. கம்பெனி மெயில் கணக்கில் உள்ளே வந்தவர் மட்டும் திறக்கும்படி வைத்து, அழுத்தியவரின் முகவரியையும் நேரத்தையும் பதிவு செய்யுங்கள். இன்டென்ட் போடுபவருக்கும் இது பொருந்தும். முகவரியை அவரே தட்டச்சு செய்யும்படி விட்டால் யார் பெயரையும் போடலாம். கூகுள் ஃபார்மில் சரிபார்க்கப்பட்ட முகவரியை மட்டும் எடுக்கும் வசதி இருக்கிறது. கேட்டவரும் ஒப்புதல் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் தானாக அடுத்த நிலைக்குப் போகட்டும்.

'புதிய இன்டென்ட் வந்துள்ளது' என்று ஒற்றை வரி மெயில் அனுப்பினால், ஷாப் ஃப்ளோரில் நிற்கும் மேனேஜர் பார்க்காமலேயே அழுத்துவார். ஸ்டாக்கில் எவ்வளவு இருக்கிறது, கடைசியாக என்ன விலைக்கு வாங்கினோம் என்ற இரண்டும் மெயிலிலேயே இருந்தால் அவரால் யோசித்து முடிவெடுக்க முடியும். 'சரி', 'வேண்டாம்' இரண்டு மட்டும் போதாது. 'விவரம் போதாது, திருப்பி அனுப்பு' என்று மூன்றாவதும் வேண்டும், காரணத்தை எழுதாமல் அனுப்ப முடியாதபடி. ஐந்து பேர் கையெழுத்து வேண்டும் என்று கேட்கும் முதலாளிகளிடம் நான் வாதாடுவேன். ஐந்து பேர் இருந்தால் மற்ற நாலு பேர் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

மேனேஜர் லீவில் போனால் என்ன ஆகும்? இதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அவருடைய பாஸ்வேர்டு அலுவலகத்தில் ஆளாளுக்குத் தெரிந்ததாகிவிடும், பிறகு பதிவில் இருக்கும் பெயருக்கு மதிப்பே இல்லை. பொறுப்பு, வரம்பு, ஆள், மாற்று ஆள், எந்தத் தேதி வரை என்று தனியாக ஓர் அட்டவணை வைத்தால் ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து அனுப்பும். பதில் வராவிட்டால் 24 மணி நேரத்தில் நினைவூட்டல், 48 மணி நேரத்தில் மாற்று ஆள். பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஓட்டம் 30 நாள்தான் காத்திருக்கும். அதற்குமேல் அந்தக் கோரிக்கை அப்படியே நின்றுவிடும். பில் ஒப்புதலாக இருந்தால் தாமதத்துக்குப் பணமாகவே விலை உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவன சப்ளையருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. நம் ஊர் லேத் பட்டறைக்காரருக்கு அந்தப் பணம்தான் வாரச் சம்பளம்.

ஸ்கிரிப்டை யார் கணக்கில் போடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். படிவம் வந்ததும் ஸ்கிரிப்டை ஓட வைக்கும் ட்ரிகர், அதை உருவாக்கியவர் கணக்கில்தான் ஓடும். அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கை நீக்கினால் மெயில் போவது நின்றுவிடும், படிவம் மட்டும் வழக்கம்போல விவரங்களை வாங்கிக்கொண்டே இருக்கும். சாதாரண ஜிமெயில் கணக்கு என்றால் ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் மெயில் போகும். கம்பெனி பெயரில் பொதுக் கணக்கு ஒன்று வைத்து அதில் போடுவது நல்லது.

கடைசியாக, அவசர வழி. ஞாயிறு ராத்திரி ஃபர்னஸ் ப்ளோயர் மோட்டார் எரிந்துபோனால் யாரும் படிவத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். வாங்கிவிடுவார்கள், பதிவு இருக்காது. அதனால் படிவத்தில் 'ஏற்கெனவே வாங்கியாச்சு' என்று ஒரு தேர்வு வையுங்கள். ஃபோனில் சரி சொன்னவர் யார், எத்தனை மணிக்கு என்று அதில் எழுதட்டும். அவருக்கே மெயில் போய், 2 நாளுக்குள் அவர் 'ஆமாம், நான்தான் சொன்னேன்' என்று அழுத்தட்டும்.