ஊருக்குப் போகுமுன் வியர்வையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிங்கப்பூரில் நீண்ட பள்ளி விடுமுறை ஜூனிலும் ஆண்டுக் கடைசியிலும் வருகிறது. பிள்ளைகளோடு தமிழ்நாட்டுக்குப் போகிற குடும்பங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு சமயத்தில்தான் டிக்கெட் போடுகின்றன. கத்திரி வெயில் மே 28 வாக்கில் முடிந்துவிடும், ஜூனில் போனால் தப்பிக்கலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். உள்மாவட்டங்களுக்கு அந்தக் கணக்கு சரிவராது. தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும். திருச்சி, கரூர், மதுரைப் பக்கம் ஜூன் மாதப் பகல் அப்போதும் காய்ந்துகொண்டுதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய தப்புக்கணக்கு ஒன்று உண்டு. "வருஷம் முழுக்கச் சிங்கப்பூர் வெயிலில் இருக்கிறோம், ஊர் வெயில் நம்மை என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்களை நிறையப் பார்க்கிறேன். நம் உடம்பு பழகியிருப்பது வேறு வகை வெப்பத்துக்கு. அதிலும் வீடு, எம்ஆர்டி, அலுவலகம், கடைத்தொகுதி என்று குளிர்சாதனத்திலிருந்து குளிர்சாதனத்துக்கு நகர்கிற உடம்பு. தோலில் இருக்கும் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால், பயணத்தில் வரும் தொல்லைகளில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத வியர்வை

நம் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலின் அடியில் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும் மெல்லிய குழாய். அதன் மறுமுனை மேலே வந்து தோலில் திறக்கிறது. உடம்பின் சூடு ஏறியதும் மூளை நரம்பு வழியாக உத்தரவு போடும், சுரப்பி நீரை வெளியே தள்ளும். ஆனால் வியர்த்தால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. வியர்வை தோலின் மேலிருந்து ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் அந்தப் பயன் கிடைக்காது.

சிங்கப்பூரில் பகல் வெப்பம் வழக்கமாக 31 முதல் 33 டிகிரிக்குள் நிற்கும். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் பதிவான 37 டிகிரியே இங்கே உச்சம் என்று பெரிய செய்தியானது. ஆனால் காற்றில் ஈரம் அதிகம். தேக்காவில் ஒரு சுற்று நடந்தால் போதும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கசகசப்பு தாங்காமல் உடனே தண்ணீர் குடிப்போம், நிழலில் ஒதுங்குவோம். வியர்க்கிறது என்பது நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

கரூர் பேருந்து நிலையத்தில் மே மாத மதியம் நின்று பாருங்கள். வெப்பம் 40 டிகிரியைத் தொட்டிருக்கும், காற்று வறண்டிருக்கும். தோலுக்கு வந்த வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். சட்டை நனையாது. "அவ்வளவாக வியர்க்கவே இல்லையே, சிங்கப்பூரைவிடப் பரவாயில்லை" என்று சொல்லத் தோன்றும். உண்மையில் நல்ல வெயிலில் நடந்து திரிகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூட வெளியேறலாம். சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது முதுகிலும் பை வார் பட்ட இடத்திலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரியும். போன நீருக்கு அதுதான் அத்தாட்சி. அதனால் உள்மாவட்டங்களில் தாகத்தையோ சட்டையின் ஈரத்தையோ நம்பாதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் கதை வேறு. அங்கே சிங்கப்பூரின் ஈரமும் உண்டு, அதைவிடக் கூடுதல் சூடும் உண்டு. வியர்வை கொட்டும், ஆனால் சரியாக ஆவியாகாது. அங்கே மின்விசிறியும் காற்றோட்டமும்தான் துணை. மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

முதல் வாரத்தை மெதுவாக நகர்த்துங்கள்

புதிய வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், அதிகமாகவும் வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பு குறைவாக இருக்கும். சுரப்பியின் குழாய் வழியாக நீர் மேலே வரும்போதே உப்பில் ஒரு பகுதியை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் திறமை பழகப் பழகத்தான் கூடும். ஆகவே ஊருக்குப் போன முதல் சில நாட்களில்தான் உப்பை அதிகமாக இழக்கிறோம். கால் சதை பிடித்துக்கொள்வதும், தலை வலிப்பதும், காரணம் தெரியாத அசதியும் அப்போதுதான் வரும்.

நம் பயணத் திட்டங்களோ நேர்மாறாக இருக்கின்றன. விமானம் இறங்கிய மறுநாளே தஞ்சாவூர், கும்பகோணம், அங்கிருந்து குலதெய்வக் கோயில் என்று வேனை ஓட்டச் சொல்கிறோம். தேசிய சேவைக்குப் போன பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பயிற்சியில் வெயிலை எவ்வளவு படிப்படியாகக் கூட்டுகிறார்கள் என்று சொல்வான். முதல் மூன்று நான்கு நாளை உறவினர் வீடுகளுக்கு ஒதுக்குங்கள். நாள் முழுக்க ஏசி அறைக்குள்ளும் அடைந்து கிடக்க வேண்டாம், அப்படிக் கிடந்தால் உடம்பு பழகவே பழகாது. காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் வெளியே நடமாடினால் நல்லது.

குடிப்பதில் இளநீருக்குத்தான் முதல் மரியாதை கொடுக்கிறோம். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். அதனால் இளநீரோடு உப்புப் போட்ட நீர்மோரும் சேரட்டும். நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிப்பதும் நல்ல வழக்கம். நிறைய வியர்த்த நாளில் மெடிக்கல் ஷாப்பில் எலக்ட்ரால் போன்ற ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சிறுநீரகம், இதயம், ரத்த அழுத்தம் என்று சிகிச்சையில் இருப்பவர்கள் இளநீர், உப்பு இரண்டையும் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

பெரியவர்களை அழைத்துப் போகிறீர்களா?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். வயதாக ஆக ஒவ்வொரு சுரப்பியும் கொடுக்கும் வியர்வை குறையும், தாக உணர்வும் மங்கும். அரிப்புக்கும் சளிக்கும் போடும் பழைய வகை ஆன்டிஹிஸ்டமின், சிறுநீர்ப்பைக்கான சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் வியர்வையை இன்னும் குறைக்கும். சில ரத்த அழுத்த மாத்திரைகள் நீரை வெளியேற்றும். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. புறப்படுமுன் பலதுறை மருந்தகத்தில் மருந்துப் பட்டியலைக் காட்டி, கடும் வெயிலுக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து. கால் நரம்பு பாதித்திருந்தால் பாதத்தில் வியர்ப்பது குறைந்து தோல் காய்ந்து வெடிக்கும், சூடும் சரியாக உறைக்காது. அந்தக் காலோடு உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலாக நடந்தால், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகலாம், சில சமயம் விரலையே இழக்க நேரிடும். பக்தி குறைந்துவிடாது, காலை ஒன்பது மணிக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ளுங்கள், அல்லது மாலை நடை திறந்து தரை ஆறிய பிறகு போங்கள். தரைவிரிப்போ வெள்ளைப் பூச்சோ போட்ட பாதை இருந்தால் அதைவிட்டு விலக வேண்டாம். இரவில் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

உடம்பு கொதித்து, பேச்சுக் குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. தோல் காய்ந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை, வியர்த்தும் இருக்கலாம். அங்கே ஆம்புலன்ஸுக்கு எண் 108, நம் பழக்கத்தில் 995ஐ அழுத்தாதீர்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வேர்க்குரு, எண்ணெய், உப்புத் தண்ணீர்

வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு, நீர் தோலுக்குள்ளேயே கசிந்தால் வருவது வேர்க்குரு. கைக்குழந்தைகளின் குழாய்கள் முழுதாக முதிராதவை என்பதால் அவர்களுக்குச் சட்டென்று வந்துவிடும். அப்பத்தா ஆசையாகப் பேரப்பிள்ளை உடம்பெல்லாம் எண்ணெய் தேய்க்க வருவார். வேர்க்குரு இருக்கும்போது மட்டும் பக்குவமாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள், எண்ணெயும் கெட்டியான கிரீமும் அடைப்பைக் கூட்டும். மெல்லிய பருத்திச் சட்டை, விசிறிக் காற்று, குளிர்ந்த நீரில் ஒரு குளியல், தேவைப்பட்டால் கலமைன் லோஷன் போதும். நுங்குத் தண்ணீர் தடவுவது ஊர் வழக்கம், குளிர்ச்சிக்குத் தடவிக் கழுவிவிடலாம். பவுடர் போடுவதானால் குழந்தையின் முகத்தருகே கொட்டாதீர்கள், மூச்சில் போனால் கெடுதல். காய்ச்சலோடு வரும் தடிப்பை வேர்க்குரு என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது.

எண்ணெய்க் குளியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெரும்பாலும் முடியின் வேரோடு ஒட்டி இருக்கின்றன. அவற்றின் செல்கள் எண்ணெயால் நிரம்பி, தாமே உடைந்து எண்ணெயாகி வெளியே வருகின்றன. பருவ வயதில் ஹார்மோன் தூண்டி அவை மிக மும்முரமாகும். சிறுபிள்ளைகளுக்கு அவ்வளவாகச் சுரக்காது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் குறைந்துவிடும். எனவே காய்ந்த தோல் உள்ள பாட்டிக்கும் பத்து வயதுப் பேத்திக்கும் நல்லெண்ணெய்க் குளியல் இதம்தான். முகமெல்லாம் பருவோடு இருக்கும் பதினாறு வயதுப் பையனுக்குத் தலையில் வைத்த எண்ணெய் நெற்றிக்கு வழிந்தால் பரு கூடும்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, வியர்வைச் சுரப்பி மட்டும் மிக நெருக்கமாக இருக்கிறது. ஊரில் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்ததும் குதிகால் வெடிக்க இதுவும் ஒரு காரணம். டிசம்பர் கடைசியில், மார்கழிப் பனியில் போனால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். இரவில் வாஸ்லினைத் தடவிக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள்.

குளிக்கிற தண்ணீரையும் கவனியுங்கள். பல ஊர்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. சோப்பு நுரைக்காமல் பிசுபிசுவென்று தோலில் படியும், அரிப்பு வரும், எக்ஸிமா உள்ள பிள்ளைக்குக் கிளம்பிவிடும். சோப்புக் கலக்காத குளியல் கட்டியை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். கடைசி ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். சீயக்காய் உப்புத் தண்ணீரிலும் சோப்பைப் போலப் படியாது.

வாடையைப் பற்றி

பிள்ளைகளுக்காக இதைச் சொல்ல வேண்டும். அக்குளில் இருப்பது வேறு வகை வியர்வைச் சுரப்பி, பருவ வயதில்தான் விழிக்கும். அது சுரப்பதில் முதலில் வாடை இல்லை, தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போது வாடை வருகிறது. ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரு வகையால் சீனர், ஜப்பானியர், கொரியர் பலருக்கு இந்த வாடை மிகக் குறைவு. நம்மவர்களில் அந்த வகை அவ்வளவு பரவலாக இல்லை. இங்கே பள்ளியில் கேலியைக் கேட்டுக் கூசிப்போன பிள்ளை இருந்தால் இதைச் சொல்லுங்கள், அவனோ அவளோ அழுக்காக இருப்பதால் வருவதல்ல அது. ஊர்க் கல்யாணத்துக்குப் பட்டு உடுத்துமுன், முந்தைய இரவே காய்ந்த அக்குளில் வியர்வையடக்கி தடவிக்கொண்டால் நன்றாக வேலை செய்யும். இரவில் வியர்வை குறைவு என்பதால் அதிலுள்ள அலுமினிய உப்பு குழாய் வாயில் தங்கும்.

கடைசியாக, ஊரில் தோலில் வட்டமாக அரிப்பு வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் கிரீமைப் பூசாதீர்கள். படர்தாமரைக்கென்று விற்கும் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அடங்குவது போலத் தெரிந்து, பிறகு பரந்து விரிந்து வரும். அங்கேயே தோல் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே பூசிவிட்டால் அந்த டியூபைத் தூக்கிப் போடாமல் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து, இங்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.