உப்புக் காற்றில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் சேனல்: முதல் வீடியோவை எடுப்பது எப்படி

எலக்ட்ரானிக்ஸ் சேனல் ஆரம்பிக்கப் போகிறேன் என்று வருகிற தம்பிகள் முதலில் கேட்பது எந்த கேமரா, எந்த மைக் என்றுதான். கையில் இருக்கிற போன் போதும். என்ன காட்டப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டால்தான் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். 555 ஐசி (நேரம் பார்த்து கரண்டை விட்டு விட்டுத் தரும் சின்னச் சிப்) வைத்து எல்இடியை மினுக்குகிற வீடியோ யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. இன்னொன்று போட்டால் யார் பார்ப்பார்கள்? அதே சர்க்யூட்டில் கொஞ்சம் உப்புத்தண்ணீரைத் தடவிக் காட்டுங்கள், பார்ப்பார்கள். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று நம் ராமநாதபுரம் கரை நெடுக டிவி ரிமோட்டிலிருந்து படகில் இருக்கிற ஜிபிஎஸ் வரை உப்புக் காற்றுக்குத் தப்புவது எதுவும் இல்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே அண்ணே ஓடுச்சு" என்று கேட்காத வீடு கிடையாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம்மைவிடப் பொருத்தமான ஆள் யார்?

அந்த ஒரு வீடியோவை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை இங்கே பார்ப்போம். என்னைப் போல வேலைக்குப் போய்வந்து சாயங்காலத்தில் சால்டரிங் அயர்னைத் தொடுகிறவர்களுக்கு ஒரு சனி, ஞாயிறு போதும்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

காற்றில் வரும் உப்பு போர்டின் மேல் படிகிறது. காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு அந்த ஈரத்தை இழுத்துத் தானாகவே கரைந்துவிடும். கரைந்த உப்பு கடத்தும். அதனால்தான் பகலில் ஒழுங்காக ஓடுகிற பெட்டி விடியற்காலையில் மக்கர் செய்கிறது. ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் வெயில் ஏறிவிடும், அங்கே நன்றாக ஓடும், கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கரண்ட் கசிவை எல்இடி மினுக்கும் வேகத்தில் காட்டப் போகிறோம். வீடியோவின் உயிர் அதுதான்.

பொருள்கள்

555 ஐசி இரண்டு, எட்டுக்கால் ஐசி சாக்கெட் இரண்டு, சிவப்பு எல்இடி இரண்டு, டாட் போர்டு (வரிசையாகத் துளை போட்ட போர்டு), 9 வோல்ட் பேட்டரி, கிளிப். ரெசிஸ்டரில் 10 கிலோ ஓம் இரண்டு, 470 ஓம் இரண்டு, 68 கிலோ ஓம் ஒன்று, 680 கிலோ ஓம் ஒன்று. கெபாசிட்டரில் 10 மைக்ரோஃபாரட் ஒன்று, 1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் இரண்டு. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிற ஆள் இருந்தால் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மதுரை, அதுவும் இல்லையென்றால் ஆன்லைன். ஒன்றுக்கு நாலாக வாங்கி வையுங்கள். இத்தனூண்டு ரெசிஸ்டருக்காக மறுபடி பஸ் ஏற முடியாது.

வாங்கியதைத் திறந்த டப்பாவில் போடாதீர்கள். கால்கள் மங்கிக் கறுத்துவிடும், ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏற்கெனவே மங்கியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுப் பற்றவையுங்கள். முதல் ஷாட்டாக இதையே எடுக்கலாம்: மங்கிய காலில் ஈயம் ஒட்டாதது, தேய்த்த காலில் வழுக்கிக்கொண்டு போய் ஒட்டுவது. அரை நிமிடம்கூட ஆகாது, பேச்சும் தேவையில்லை.

சர்க்யூட்

இரண்டு போர்டு, இரண்டிலும் ஒரே இணைப்பு. 1-ஆம் கால் பேட்டரி மைனஸுக்கு. 8-ஆம் காலும் 4-ஆம் காலும் பிளஸுக்கு. 8-க்கும் 7-க்கும் நடுவில் 10 கிலோ ஓம். 2-ஐயும் 6-ஐயும் ஒரு ஒயரால் சேர்த்து, அங்கிருந்து கெபாசிட்டரை மைனஸுக்கு. 5-ஆம் காலிலிருந்து 0.01 மைக்ரோஃபாரட் மைனஸுக்கு. 3-ஆம் காலிலிருந்து 470 ஓம், எல்இடி, மைனஸ்.

வித்தியாசம் 7-க்கும் 6-க்கும் நடுவில்தான். முதல் போர்டில் அங்கே 68 கிலோ ஓம், கெபாசிட்டர் 10 மைக்ரோஃபாரட். இரண்டாவதில் 680 கிலோ ஓம், கெபாசிட்டர் 1 மைக்ரோஃபாரட். 68-க்கும் 680-க்கும் மூன்றாவது பட்டை மட்டும்தான் வேறு, ஒன்று ஆரஞ்சு, மற்றது மஞ்சள். குண்டு பல்பு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டே போடுங்கள், அதையும் படம் பிடியுங்கள்.

வேகத்துக்குக் கணக்கு உண்டு. 8-க்கும் 7-க்கும் நடுவில் உள்ள ரெசிஸ்டரோடு 7-க்கும் 6-க்கும் நடுவில் உள்ளதை இரண்டு மடங்காக்கிக் கூட்டி, கெபாசிட்டர் மதிப்பால் பெருக்கி, 1.44-ஐ அதனால் வகுக்க வேண்டும். முதல் போர்டுக்கு 0.99, இரண்டாவதற்கு 1.05. இரண்டும் ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை மினுக்கும். கெபாசிட்டரில் பத்து இருபது சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம், அச்சாக ஒன்று சேரவில்லை என்று கவலைப்படாதீர்கள்.

555-ஐ வடிவமைத்தவர் ஹான்ஸ் காமென்ஸிண்ட். சிக்னெட்டிக்ஸ் கம்பெனி 1972-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐம்பது வருடம் தாண்டியும் கடையில் கிடைக்கிறது. வீடியோவில் இதற்கு ஒரு வரி போதும். வரலாறு சொல்ல ஆரம்பித்தால் பார்க்கிறவர் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார்.

கேமரா வைப்பது

போன் மேலேயிருந்து நேர்கீழாகப் பார்க்க வேண்டும். அரை இன்ச் பிவிசி குழாயில் நாலு எல்போ போட்டு ஒரு ஸ்டாண்டு செய்துகொள்ளலாம், ஒட்டப் பசைகூட வேண்டாம். போனைப் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கையின் நிழல் விழும், சால்டரிங் புகை லென்சில் படியும். ஒன்றேகால் அடி உயரத்தில் வைத்து இரண்டு மடங்கு ஜூம் போடுங்கள். நேர்கீழாகத் திருப்பும்போது சில போன்கள் படம் குறுக்கா நெடுக்கா என்று குழம்பிவிடும். முதலில் நிமிர்த்திப் பிடித்து ரெக்கார்டிங்கை ஆரம்பித்துவிட்டு, அப்புறம் ஸ்டாண்டில் வையுங்கள்.

எல்இடி எரியும்போது கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால் படம் மூச்சு வாங்குவது போல இருக்கும். திரையில் போர்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், சிவப்பு எல்இடி சிவப்பாகவே தெரியும். இறக்காவிட்டால் வெள்ளைப் புள்ளிதான்.

ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தால் திரையில் கோடு கோடாக ஓடும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 தடவை அதிர்கிறது. போனில் புரோ மோடு இருந்தால் ஷட்டரை 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்குக்கு வையுங்கள், கோடு மறையும். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் காலையில் ஜன்னலோரம் உட்காருங்கள். வெளிச்சம் இடது பக்கமிருந்து வரட்டும், வலது பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். வலது கைக்காரர்களுக்கு நிழல் வேலையின் மேல் விழாது.

லென்சைத் துடைக்கும் முன் ஊதிவிடுங்கள். மேலே இருப்பது உப்பும் மணலும், அப்படியே தேய்த்தால் கீறல் விழும்.

உப்பைத் தடவுவது

கடல்தண்ணீரையே ஒரு பாட்டிலில் பிடித்து வரலாமே என்று தோன்றும். வேண்டாம். அதில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அது 75 சதவீதத்துக்கு வெகு முன்பே ஈரம் இழுக்கும். நம் ஊர்க் காற்றில் அது முழுசாகக் காயவே காயாது, பிசுபிசுவென்றே இருக்கும். சமையல் தூள் உப்பு ஒரு டீஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீர். கிட்டத்தட்டக் கடலின் உப்பளவு வந்துவிடும், லிட்டருக்கு 35 கிராம்.

பேட்டரியைக் கழற்றுங்கள். இரண்டு போர்டையும் திருப்பிப் போட்டு, காது குடைகிற பஞ்சுக் குச்சியின் நுனியால் 6-ஆம், 7-ஆம் கால்களுக்கு நடுவில் மட்டும் லேசாக ஒரு தொடு. 5-ஆம் கால் பக்கம் பரவ விடாதீர்கள், அங்கே வேறு விதமான கசிவு ஏற்பட்டுக் கணக்குக் குழம்பிவிடும். வெயிலில் காய வையுங்கள். வெள்ளையாகப் பூத்ததும் பேட்டரியை மாட்டுங்கள். காய்ந்திருந்தால் இரண்டும் பழையபடி மினுக்கும். இந்த ஷாட் ரொம்ப முக்கியம், வெட்டிவிடாதீர்கள்.

இப்போது பக்கவாட்டிலிருந்து போர்டின் மேல் "ஹா" என்று மூச்சு விடுங்கள். இரண்டாவது போர்டு வேகமெடுக்கும். முதல் போர்டில் மாற்றம் குறைவாகத் தெரியும்.

காரணம் இதுதான். உப்பு ஈரமானதும் 6-க்கும் 7-க்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ரெசிஸ்டர் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அது 680 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது போர்டில் 680-உம் 680-உம் பக்கம் பக்கமாகச் சேர்ந்து 340 ஆகிவிடும், வேகம் இரட்டிப்பாகும். முதல் போர்டில் 68-ஓடு 680 சேர்ந்தால் சுமார் 62, வேகம் ஒன்பது சதவீதம்தான் ஏறும். பெரிய ரெசிஸ்டர் உள்ள இடம்தான் உப்பு முதலில் கைவைக்கும் இடம். படகுப் பெட்டி ஏதாவது ரிப்பேருக்கு வந்தால் நீங்கள் தேட வேண்டியதும் அந்த இடத்தைத்தான். உப்பு கூடிப்போனால் இரண்டு போர்டும் தறிகெட்டு ஓடும். அப்போது குறைவாகத் தடவி மறுபடி எடுங்கள்.

கழுவுவது

ஐபிஏ எனப்படும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஊற்றிப் பிரஷால் தேய்ப்பதைத்தான் பல வீடியோக்களில் காட்டுகிறார்கள். சால்டரிங் பேஸ்டின் பிசுக்குக்கு அது சரி. உப்பு அதில் கரையவே கரையாது என்று சொல்லலாம், இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான். உப்புக்குத் தண்ணீர்தான் மருந்து. ஆனால் எந்தத் தண்ணீர்? நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரே உவர், அதில் கழுவினால் கழுவின மாதிரியும் ஆகாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேன் வாங்குங்கள். பேட்டரிக் கடையில் கேட்கும்போது ஆசிட் இல்லை, தண்ணீர் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தண்ணீரில் தேய்த்து, இன்னொரு தடவை புதுத் தண்ணீரில் அலசி, அப்புறம் ஐபிஏ ஊற்றுங்கள். அது ஈரத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஆவியாகும். வெயிலில் காயவைத்து, மாட்டி, மறுபடி மூச்சு விட்டுக் காட்டுங்கள். வேகம் மாறாது.

இந்த வேலையை வீட்டுக் கரண்டில் ஓடும் போர்டில் காட்ட வேண்டாம். 230 வோல்ட்டை நேராக டிசியாக்கும் சார்ஜர், எல்இடி பல்பு டிரைவர் இவற்றின் உள்ளே கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். உங்கள் வீடியோவைப் பார்த்துச் செய்யப் போவது எட்டாம் வகுப்புப் பையனாக இருக்கலாம். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லவும் மறக்காதீர்கள்.

குரல்

படம் எடுக்கும்போது பேசாதீர்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஜன்னலைச் சாத்தினாலும் ஊளைச் சத்தம் உள்ளே வரும். ஃபேனை நிறுத்தினால் வேர்வை போர்டில் சொட்டும். அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒலிபெருக்கி. திருவிழாவோ கல்யாணமோ, பின்னணியில் நாலு நொடி சினிமாப் பாட்டு விழுந்தாலும் யூடியூபின் கணினி கண்டுபிடித்து உரிமைக் கோரிக்கை வைக்கலாம். படத்தை முதலில் கோத்துவிட்டு, ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பேசிப் பதியுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எழுதி வைத்துப் படித்தால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும், குறிப்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டி ஏற்றுவது

போனிலேயே இலவச எடிட்டிங் செயலி போதும். மினுக்கும் வேகம் மாறுகிற ஷாட்டைத் தூக்கி முதல் பத்து நொடியில் வையுங்கள், விளக்கம் பின்னால் வரட்டும். தலைப்பில் "555" என்று போடுவதைவிட "காலையில் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்டால் படகு வைத்திருப்பவரும் திறப்பார். வருமானம் பற்றி ஒரே வரி: விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். அதுவரை பொருள்கள் வாங்கக் கைக்காசுதான்.

கமெண்டில் வருவது

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது கேள்விகள் கூடும். பெட்டியைத் திறந்து பார்க்க அப்போதுதான் ஆட்களுக்கு நேரம் கிடைக்கிறது. எந்தப் போர்டு, எந்த இடத்தில் பச்சை பூத்திருக்கிறது என்று போட்டோ கேளுங்கள், அடுத்த வீடியோக்களுக்கு விஷயம் அதிலேயே கிடைக்கும். கடலில் மீனை வரவழைக்கப் பெரிய எல்இடி விளக்கு செய்து காட்டச் சொல்லியும் யாராவது கேட்பார்கள். எல்இடி வெளிச்சத்தில் மீன் பிடிக்க 2017 முதல் தடை இருக்கிறது, மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

கழுவின இரண்டு போர்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றின் அடிப்பக்கத்தில் நகப்பாலிஷ் இரண்டு கோட்டு அடித்துக் காயவிடுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் மழை படாத இடமாகப் பார்த்து ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு வாரம் ஒரு தடவை ஒரே கோணத்தில் போட்டோ எடுத்து வாருங்கள். வாடைக்காலம் முடியும்போது இரண்டாவது வீடியோவுக்கான படங்கள் சேர்ந்திருக்கும்.